அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி

அந்தத் தாள் என் கடை டிராயரில் ஏழு மாதம் கிடந்தது. அது அங்கே இருந்தவரைக்கும் வாசலில் எந்த புல்லட் வண்டி வந்து நின்றாலும் டிராயர் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். போன திங்கட்கிழமை அதை எடுத்துக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை துர்கா வந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ரஹிமுன்னிசா. திருத்தணியில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் முஸ்தஃபா அரக்கோணத்தில் லாரி மெக்கானிக். பட்டா, சாதிச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர்., ஜாமீன் மனு என்று சுற்றுவட்டாரத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் அது என் மெஷின் கண்ணாடியில் ஒரு தடவை படுத்து எழுந்துதான் போகும். வருகிற காகிதத்தைப் படிக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். நான் படிப்பேன். உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது.

துர்கா கே.ஜி.கண்டிகைப் பெண். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் கௌரியம்மாளின் ஒரே மகள். அப்பா கரும்பு டிராக்டர் ஓட்டினவர். துர்கா ஒன்பதாவது படிக்கும்போது, திருவாலங்காடு பக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன அவருடைய டிராக்டரைப் பின்னால் வந்த மணல் லாரி இடித்துத் தள்ளியது. பட்டப்பகல். கரும்பு வெட்டுகிற ஆட்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று நாற்பது பேராவது பார்த்திருப்பார்கள். லாரி நம்பர்கூட நாலைந்து பேர் வாயில் அடிபட்டது. ஆனால், நான் பார்த்தேன் என்று வந்து சொல்ல ஒருத்தரும் இல்லை. அந்தக் கேஸ் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்கத்தான் கௌரியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு முதன்முதலில் என் கடைக்கு வந்தாள். சாட்சிகள் எவரும் முன்வரவில்லை என்று முடிந்திருந்த கடைசிப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அழவில்லை. கோபத்தில் மூக்கு விடைத்துக்கொண்டிருந்தது.

"நைனாவ இடிச்சத நாப்பது பேரு பாத்தாங்கக்கா. நாப்பது பேரும் கையெழுத்து போட மாட்டேன்னு ஓடிட்டாங்க," என்றாள். "நான் போலீசாவறேன். அப்பறம் பாக்கறேன், எவன் ஓடறான்னு."

சின்னப் பெண் ஏதோ வீம்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பன்னிரண்டாவது முடித்ததும் நேராக என் கடைக்கு வந்து விண்ணப்பத்தை நீட்டினாள். ரயிலேறிப் போகிற தூரத்தில் இருக்கிற ஒரு கல்லூரியில் குற்றவியலும் காவல் நிர்வாகமும் என்று ஒரு பட்டப்படிப்பு. போலீசாவதற்கு உயரமும் மார்பளவும் போதும் என்று நினைத்திருந்தவள் நான். அதற்கென்று மூன்று வருஷம் புத்தகம் வைத்துப் படிப்பார்கள் என்பதே அவள் சொல்லித்தான் தெரியும்.

அந்த மூன்று வருஷமும் அவளால் என் கடைக்கு ஒரு களை இருந்தது. சாயங்கால ரயிலில் இறங்கியதும் வந்துவிடுவாள். அன்றைக்கு என்ன படித்தாளோ அதை என் தலையில் கொட்டிவிட்டுத்தான் கண்டிகைக்கு பஸ் ஏறுவாள். விரல் ரேகைப் பாடம் நடந்தபோது என் பிஸ்கட் டப்பாவில் ஏதோ கருப்புப் பொடியைத் தூவி ரேகை எடுத்து, அதைத் திறந்தது என் வீட்டுக்காரர்தான் என்று நிரூபித்தாள். சர்க்கரை வியாதிக்காரர், திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறார். மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. விடியற்காலையில் மலைக்கு வண்டிகள் ஏறுகிற ரோட்டில் ஓடிப் பழகுவாள். பூ விற்கிறவர்கள் எல்லாரும் அவளை எஸ்.ஐ. அம்மா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதைக் கேட்டால் அவளுக்கு முகம் மலர்ந்துபோகும், எனக்கும்தான்.

இரண்டாம் வருஷம் கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் நடத்தினார்கள். துர்கா சாட்சியாக நின்று முதல் பரிசு வாங்கி வந்தாள். ஷண்முகசுந்தரம் என்று ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் அவர்களுக்குப் பாடம் எடுத்தார். அவர் சொல்லிக்கொடுத்ததை என் கடையில் நின்று நடித்தே காட்டினாள்.

"சாட்சிக் கூண்டுல ஏறினா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லணும்க்கா. ஆமா, இல்ல, தெரியாது. அவ்ளோதான். கேக்காததச் சொல்ல ஆரம்பிச்சான்னா சாட்சி மாட்டிகினான்னு அர்த்தம்."

"கேக்காமப் பூட்டாங்கன்னா?" என்றேன்.

"கேக்கலன்னா எறங்கி வந்துகினே இருக்க வேண்டியதுதான்."

நான் சிரித்தேன். கையிலிருந்த பரிசுக் கோப்பையை என் மெஷின் மேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

கடைசி வருஷத்தில் இருபது நாள் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் பயிற்சி. எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். நானும் இதே ஊரில்தான் பிழைக்க வேண்டும். அவளுடைய ஊர் அந்த ஸ்டேஷன் எல்லைக்குள் வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பச்சையப்பன் என்று ஓர் ஏட்டு. எழுத்து வேலை முழுக்க அவர் கையில்தான், ஜெராக்ஸ் எடுக்க புல்லட்டில் என் கடைக்கும் வருவார். சாதுவான மனுஷன், சத்தம் போட்டுப் பேச மாட்டார், பிள்ளைகளை வாம்மா போம்மா என்பார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. இப்போது யோசித்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

பயிற்சியின் கடைசி நாள் துர்கா என் கடைக்குள் துள்ளிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ஏட்டு அவளைக் கூப்பிட்டு ஆறு தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். மகஜருக்கு. போலீஸ் ஒரு இடத்தில் ஒரு பொருளைக் கைப்பற்றினால், அங்கேயே அதை எழுதி, நேரில் பார்த்த இரண்டு பொதுமக்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு மகஜர் என்று பேர். கைப்பற்றுவதை வீடியோ எடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் வருவதற்கு முந்தைய வருஷம் அது.

"எந்த எடத்துல எடுத்த மகஜர்மா?" என்று கேட்டேன்.

"இன்னும் எழுதலக்கா. வெத்துப் பேப்பர்தான். பின்னால தேவைப்படறப்போ எழுதிக்குவாங்க. ஏட்டு சொன்னாரு, பப்ளிக் எவனும் சாட்சிக்கு வரமாட்டேன்றான், நீ நாளைக்கு டிபார்ட்மென்டுக்கு வரப்போற பொண்ணு, நீயும் ஓடினா யாரு போடுவான்னு."

"வெத்துப் பேப்பர்ல போட்டியா?"

"அக்கா, அது அவங்க வழக்கம். எல்லா ஸ்டேஷன்லயும் உண்டு." அவள் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "எங்க நைனா கேஸ்ல ஒருத்தராச்சும் இந்த மாதிரி கையெழுத்து போட்டிருந்தாங்கன்னா?"

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு வீட்டைப் பறிகொடுத்தவர்களின் காகிதங்களை எத்தனை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். அவளை அப்போதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த ஆறு தாளையும் திருப்பி வாங்கிக் கிழித்திருக்க வேண்டும். செய்யவில்லை. அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. எதிர்க்கடையில் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அப்புறம் பரீட்சை எழுதினாள், பட்டம் வாங்கினாள். எஸ்.ஐ. தேர்வுக்கு முதல் தடவை எழுதி மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. ஒரு வாரம் அம்மாவின் டீக்கடைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். மறுபடி எழுந்து ஓடினாள், மறுபடி எழுதினாள். எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதியிலும் தேறினாள். இனி நேர்முகத் தேர்வும் போலீஸ் விசாரணையும்தான் பாக்கி. போலீஸ் விசாரணை என்றால், இந்த ஆள் மேல் கேஸ் உண்டா, நடத்தை எப்படி என்று சொந்த ஊர் ஸ்டேஷனிலிருந்து எழுதி அனுப்புவது. ஒரு வரி கோணலாக எழுதினால் போதும், அத்தனை வருஷ ஓட்டமும் வீண்.

அந்தச் சமயத்தில்தான் சம்மன் வந்தது.

நண்பகல் நேரம். அன்றைக்கு மலையில் கல்யாண முகூர்த்தம், தெருவெல்லாம் வேன். துர்கா கூட்டத்துக்குள்ளிருந்து வெளிவந்து என் கடைக்குள் நுழைந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் இரண்டு காகிதம். ஒன்று சம்மன். ஆர்.கே.பேட்டையைச் சேர்ந்த ராஜேஷ் என்பவன் மீதான கஞ்சா வழக்கில் அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சியாக ஆஜராக வேண்டும். கூடவே ஏட்டு கொடுத்தனுப்பிய மகஜர் நகல். ஏப்ரல் மாதம் இன்ன தேதி, காலை பதினொன்றரை மணி, ஆந்திரா ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தம், ராஜேஷ் வைத்திருந்த பையில் நாலு கிலோ கஞ்சா. கீழே இரண்டு சாட்சிகள். இரண்டாவது, துர்காவின் அழகான கையெழுத்து.

"யாருடி இந்த ராஜேஷ்?"

"தெரியாதுக்கா. பாத்ததே இல்ல." தோள்பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள். அவளுடைய கடைசிப் பருவத் தேர்வின் ஹால் டிக்கெட். ஒவ்வொரு பரீட்சைக்கும் நேராக மேற்பார்வையாளர் கையெழுத்து, தேதி. மகஜரில் இருந்த அதே தேதி அதிலும் இருந்தது. காலை பத்து முதல் ஒன்று வரை. பாடம், குற்றவியல் நடைமுறைச் சட்டம்.

பதினொன்றரை மணிக்கு அவள் கல்லூரியில் உட்கார்ந்து, மகஜர் எப்படி எழுத வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். எழுதினவர்கள் தேதியைத் தங்கள் வசதிக்குப் போட்டுவிட்டார்கள். இவளுக்கு அன்றைக்குப் பரீட்சை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"ஒரு காப்பி எடுங்கக்கா," என்றாள். எடுத்தேன். டோனர் தீர்கிற நேரம், நடுவில் ஒரு கருப்புக் கோடு விழுந்துவிட்டது. அதை வேஸ்ட் பெட்டியில் போட்டுவிட்டு வேறொன்று எடுத்துக் கொடுத்தேன். வேஸ்ட் தாள்களின் பின்பக்கத்தில்தான் நான் கணக்குக் குறிப்பு எழுதுவது.

மறுநாள் பச்சையப்பன் கண்டிகைக்குப் போயிருக்கிறார். டீக்கடையில் உட்கார்ந்து, சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொல்லி, கௌரியம்மாளிடம் மகளின் அருமை பெருமையெல்லாம் பேசியிருக்கிறார். துர்கா அவரிடம் நேராகவே சொல்லிவிட்டாள், நான் அங்க இல்ல சார், பொய் சொல்ல மாட்டேன் என்று.

"யாரும்மா உன்னப் பொய் சொல்லச் சொன்னது?" என்றாராம் அவர். "கையெழுத்து உன்னுதா, இல்லியா? உன்னுதுதானே. அத மட்டும்தான் கேப்பாங்க. நான் சொல்லி வெச்சிருக்கேன். ஆங், அப்பறம் உன் வெரிஃபிகேஷன் ஃபைலு வந்துட்டுதும்மா. எங்கிட்டதான் கீது. சாட்சி முடியட்டும், நானே எழுதி அனுப்பிடறேன்."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கௌரியம்மாள் உடனே எனக்கு போன் செய்தாள். "மிரட்டினாராம்மா?" என்று கேட்டேன். "இல்லம்மா, நல்லாத்தான் பேசினாரு," என்றாள். அவ்வளவு நல்லவிதமாகப் பேசியதுதான் அந்தத் தாயைத் தூங்கவிடவில்லை.

கோர்ட்டுக்கு நான் துணைக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து துர்கா ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டு வந்தாள்.

"அவன் வக்கீலு குறுக்கு விசாரணை பண்ணுவாருக்கா. அந்த எடத்துல இருந்தியான்னு ஒரு வார்த்த கேட்டா போதும். இல்லன்னு சொல்லிடுவேன். ஹால் டிக்கெட்டக் கையோட கொண்டாந்திருக்கேன். வேல போனாப் போவட்டும். கேட்டாச் சொல்லிடுவேன். சத்தியமா."

"கேப்பாரு," என்றேன். எனக்கும் அப்படி நம்பத்தான் பிடித்திருந்தது.

குற்றவாளிக் கூண்டில் நின்ற ராஜேஷை அப்போதுதான் பார்த்தேன். விசைத்தறி ஓட்டுகிறவன். காது கொஞ்சம் மந்தம், தறிச் சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும். யார் பேசினாலும் தலையைச் சாய்த்து வாயையே பார்த்தான். அவன் கஞ்சா வைத்திருந்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது துர்கா அங்கே இல்லை என்பது மட்டும்தான். அவனுடைய வக்கீல், கோர்ட்டே ஏற்பாடு செய்து கொடுத்த இலவச வக்கீல், அப்போதுதான் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். கையில் வேறு வேறு கேஸ் கட்டுகள், எது இந்தக் கேஸ் என்று தேடிக்கொண்டிருந்தார்.

துர்கா கூண்டில் ஏறினாள். உறுதிமொழி சொன்னாள். குரல் கணீரென்று இருந்தது. அரசு வக்கீல் மகஜரைக் காட்டினார்.

"இதில் இரண்டாவதாக இருப்பது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாங்க ஐயா."

"என்ன படித்திருக்கிறீர்கள்?"

"குற்றவியல், காவல் நிர்வாகம்ங்க ஐயா."

"அவ்வளவுதான் ஐயா," என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார். அவர் கட்டைப் புரட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "குறுக்கு விசாரணை இல்லை ஐயா."

துர்கா அப்படியே நின்றாள். அப்போது ராஜேஷ் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரலில் பேசினான்.

"ஐயா, இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்லீங்க ஐயா. எந்தப் பொண்ணும் அங்க இல்ல. என்ன வூட்லருந்து இட்டாந்தாங்க."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் அவன் தோளை அழுத்தினார். எதுவாக இருந்தாலும் வக்கீல் மூலம் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. வக்கீலுக்கு இன்னும் அந்தக் கட்டு கிடைக்கவில்லை. ராஜேஷ் துர்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான், அதிலிருந்து ஏதாவது வரும் என்று. வரவில்லை.

"எறங்கும்மா," என்றார் கோர்ட் ஊழியர். அவள் இறங்கினாள்.

நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வாய் இருந்தது. அதை மறைத்துவிட்டு அவளை மட்டும் குறை சொன்னால் நான் மனுஷியே இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஹால் டிக்கெட்டை நாலாக மடித்துப் பைக்குள் தள்ளினாள். "கேக்கவே இல்லியேக்கா," என்றாள் கடைசியில். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் துக்கம் இருந்தது, உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்த நிமிஷத்தில் எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. ஒன்பதாவது படிக்கும்போது கையில் காகிதத்தோடு மூக்கு விடைக்க நின்ற பெண்ணை நான் அந்த பஸ்ஸிலேயே தொலைத்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் ஹால் டிக்கெட்டையும் நகலையும் டீக்கடை அடுப்பில் போட்டுவிட்டதாகக் கௌரியம்மாள் பிறகு சொன்னாள்.

ராஜேஷுக்கு ஐந்து வருஷம் தண்டனை. துர்காவின் போலீஸ் விசாரணை குறை சொல்ல இடமில்லாமல் போயிற்று, பச்சையப்பன் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவர். வேலை உத்தரவு வந்த அன்று கண்டிகை பஸ் நிறுத்தத்தில் ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். தொப்பியோடு அவள் படம், மண்ணின் மகளே வருக என்று கீழே எழுத்து. பயிற்சிக்குப் புறப்படும் முன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தூக்கி நிறுத்தி, நல்லா இரு என்றேன். அழுகை வந்தது. எதற்காக அழுதேன் என்று அவள் கேட்கவில்லை.

அவள் போன பிறகு ஒருநாள் பில் எழுத ஒரு பழைய தாளை எடுத்துத் திருப்பினால், நடுவில் கருப்புக் கோடு போட்ட அந்த ஹால் டிக்கெட் நகல். கிழித்துப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. டிராயரின் அடியில், பழைய ரசீது புத்தகத்துக்குள் வைத்து மூடினேன். யாராவது வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் வந்து கேட்பார்கள்? அப்படி ஒன்று இருப்பதே என்னையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாதே. கோர்ட்டில் அவள் ஒரு நிமிஷம் செய்ததை நான் என் கடையில் ஏழு மாதம் செய்தேன்.

திங்கட்கிழமை ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் பிளாஸ்டிக் பை. பையில் தீர்ப்பு நகல். ராஜேஷின் மனைவி நாகவேணி. அப்பீல் போட வேறொரு வக்கீலைப் பிடித்திருக்கிறாளாம், மூன்று செட் எடுக்க வேண்டும். நான் எடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பக்கமாக வெளிச்சம் ஓடிற்று. மூன்றாவது செட் முடிந்து ஸ்டேப்ளர் பின் அடிக்கும்போது அவள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பையோட எங்க ஊட்டுக்காரர யாரு பாத்தாங்கன்னு இதுல போட்டுக்குது? கொஞ்சம் படிச்சிச் சொல்றீங்களா?"

புரட்டினேன். பதினேழாம் பக்கம். அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி பொதுமக்களைச் சேர்ந்த, காவல் நிர்வாகம் பயின்ற பட்டதாரி என்றும், எதிரி ராஜேஷ் மீது அவருக்கு முன்பகை எதுவும் இல்லை என்றும், அவரது சாட்சியத்தை எதிரித் தரப்பு மறுக்கவே இல்லை என்றும், எனவே மகஜரை நம்பாதிருக்கக் காரணமில்லை என்றும் எழுதியிருந்தது.

"ஒரு பொண்ணு பாத்துச்சின்னு போட்டிருக்கும்மா," என்றேன்.

"மெய்யா பாத்துச்சாக்கா?"

கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள். குழந்தை என் ஸ்டேப்ளரைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் குனிந்து டிராயரைத் திறந்தேன். ரசீது புத்தகத்தைப் பிரித்து அந்தத் தாளை எடுத்து, அவளுடைய மூன்றாவது செட்டின் மேல் வைத்தேன்.

"இத உன் வக்கீலுகிட்ட குடும்மா. தேதியப் பாக்கச் சொல்லு. மகஜர்ல கீற தேதியும் இதுல கீற தேதியும் ஒன்னான்னு பாக்கச் சொல்லு. அந்தக் காலேஜ்ல கேட்டா மிச்சத்த அவங்க சொல்லுவாங்க. யாரு குடுத்தான்னு மட்டும் கேக்க வாணாம்."

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை நான் கடை திறந்து அரை மணி நேரம் இருக்கும். வாசலில் நிழல் தட்டிற்று. துர்கா. பயிற்சியிலிருந்து நாலு நாள் விடுமுறையாம். சாதாரணச் சுடிதார்தான் போட்டிருந்தாள், நடை மட்டும் யூனிஃபார்ம் போட்டிருந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். முன்பெல்லாம் வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். இப்போது நின்றபடியே கடையை ஒரு தடவை கண்ணால் சுற்றி வந்தாள்.

"எப்டிக்கா கீறீங்க? பாவா நல்லா கீறாரா? சர்க்கரை குறைஞ்சிதா?"

"ஆங், நல்லாத்தான் கீறாரு. உக்காருமா."

"இல்லக்கா, போவணும். பச்சையப்பன் சார் போன் பண்ணாரு. அந்த ராஜேஷ் கேஸ்ல அப்பீல் போறாங்களாம்." மெஷின் மேல் கையை வைத்தாள். பரிசுக் கோப்பையை வைத்த அதே இடம். "அப்பதான் நெனப்பு வந்திச்சி. அன்னிக்கு நீங்க எடுத்த காப்பில ஒன்னு கோடு விழுந்து கெட்டுப்போச்சே. வேஸ்ட் பெட்டில போட்டீங்க. அது இருக்கா?"

நான் அவள் கண்ணைப் பார்த்தேன். கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. சாதுவாக, மரியாதையாகக் கேட்டாள். இந்தக் குரலை நான் வேறு யாரிடம் கேட்டிருக்கிறேன் என்று ஒரு விநாடி கழித்துத்தான் உறைத்தது.

"இல்ல," என்றேன்.

அது சத்தியமான பதில். இருக்கா என்று கேட்டாள், இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில்.

கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூச்சை விட்டாள். என் கையைப் பிடித்து அழுத்தினாள். "நீங்க எங்கூடப் பொறந்த மாதிரிக்கா," என்றாள். அந்தப் பிடியில் பழைய துர்கா கொஞ்சம் இருந்தாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

எங்கே போனது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். படித்தவள், பயிற்சி எடுக்கிறவள், இரண்டாவது கேள்வியை எப்படி விட்டாள் என்று தெரியவில்லை. இன்றைக்கு விட்டிருக்கலாம். வக்கீல் அந்தத் தாளைக் கோர்ட்டில் வைக்கிற அன்றைக்கு, அந்தக் கருப்புக் கோடு எந்த மெஷினில் விழுந்தது என்று அவளுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். அப்போது மறுபடி வருவாள். நின்றபடியே, மரியாதையாக, அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பாள்.

கேட்டால் சொல்லிவிடுவேன். சத்தியமாக.